ஐடிலிங் தடுமாற்றமும் ஸ்க்ரூ வைத்தியமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தை மலைக்குச் சென்றுவர, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பெட்ரோல் ஜீப்பையே நம்பியிருக்கிறேன். சில மாதங்களாக, வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கின்போதெல்லாம் அது உதறி, அணைந்தும் போனது. காட்டிய பட்டறைகளிலெல்லாம் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டி அனுப்பினார்களே தவிர, காரணத்தை யாரும் தேடவில்லை. அப்படிக் கூட்டினால் உதறல் மறையும். ஆனால், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் வண்டி முன்னே தள்ளும். கொண்டை ஊசி வளைவில் அது விளையாட்டல்ல.

கடைசியில் காட்பாடியில் ஒரு முதிய மெக்கானிக், என்ஜின் ஓடும்போதே பிரேக் மிதியை எளிதில் அழுத்த என்ஜினின் உறிஞ்சலால் உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை இடுக்கியால் மெல்ல அழுத்தினார், உதறல் நின்றது. கிளாம்புக்கு அடியில் நகம் அளவுக்கு வெடிப்பு. அதன் வழியே புகும் கூடுதல் காற்றால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடுவதாகவும், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருக்கும் ஐடிலிங்கில்தான் அது அதிகம் தெரியும் என்றும் விளக்கினார். பிரேக் மிதி இறுகியிருந்ததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அதற்கென உருவாக்கப்படாத பழைய ரப்பர் பாகங்கள் விரைவில் கெடலாம். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஐடில் ஜெட் அடைபடவும் கூடும். எனவே, இளம் மெக்கானிக்குகளுக்குக் கார்புரேட்டர் பழுதுநீக்கம் குறித்த மாலைநேரப் பயிற்சியை அரசு ஐடிஐகளில் நடத்த, வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர் ஒருவர்,
அணைக்கட்டு.