பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுங்கள்: ஒரு திறந்த மடல்

கதிர்வீச்சால் உலோக இணைப்புகளைப் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராஃபி ஒப்பந்ததாரர்களுக்கும், அவர்களை வேலைக்கு அமர்த்தும் ஆலை நிர்வாகங்களுக்கும், விபத்துக்குப் பின் முதலில் நோயாளியைப் பார்க்கும் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் ஓர் ஆலையில் நடந்தது இது. கேமரா எனப்படும் கவசப் பெட்டிக்குள் திரும்பியிருக்க வேண்டிய இரிடியம்-192 சோர்ஸ் (கதிர்வீச்சை உமிழும் சிறு துண்டு), கேபிளிலிருந்து கழன்று, அது போய்வரும் குழாயான கைடு டியூபிலேயே நின்றுவிட்டது. அங்கே கதிர்வீச்சு இருக்கிறதா என்று காட்டும் சர்வே மீட்டர் இல்லாமல் டியூபைச் சுருட்டப் போன உதவியாளருக்கு, அணிபவர் வாங்கும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜும் அன்று தரப்படவில்லை. அவர் வாங்கிய டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவை, சொல்ல மிஞ்சியிருந்தது அவருடைய ரத்தம்தான்; ரத்தச் செல்களில் கதிர்வீச்சு சிதைத்த குரோமோசோம்களை எண்ணி டோஸை மதிப்பிடலாம். அது ஆய்வகத்துக்கு ஆறாம் நாள் வந்தது, ஊதா மூடிக் குழாயில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே. செல்கள் வளரவில்லை. மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னபோது, ஒப்பந்ததாரர் அவரை ஊருக்கு ரயிலேற்றிவிட்டதாகவும் கைபேசி எண் வேலை செய்யவில்லை என்றும் பதில் வந்தது. தன் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு விழுந்தது என்று அந்த மனிதருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். சந்தேகம் எழுந்தவுடன் சரியான குழாயில் ரத்தம் எடுங்கள், தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற உறைதடுப்பு மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் வளர்க்கும் வெள்ளணுக்களான லிம்போசைட்டுகள் இரண்டாகப் பிரியத் தொடங்குவதற்குக் கால்சியம் வேண்டும். ஆகவே குரோமோசோம் ஆய்வுக்கு லித்தியம் ஹெப்பரின் என்ற வேறு உறைதடுப்பு மருந்து உள்ள பச்சை மூடிக் குழாய்தான் தேவை. 5 முதல் 10 மில்லி எடுத்து, குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் செல் உடையும். அசைக்காமல் விட்டால் ரத்தம் உறையும். 20 டிகிரியை ஒட்டிய அறை வெப்பநிலையில் வைத்து, அன்றே அனுப்புங்கள். ஐஸ் வேண்டாம். விமானத்தில் போகும் பெட்டியில் 'எக்ஸ்ரே ஸ்கேனரில் விடாதீர்கள்' என்று எழுதி ஒட்டுங்கள். கதிர்வீச்சை அளக்கப் போகும் ரத்தத்துக்கு வழியிலேயே இன்னும் கொஞ்சம் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது.

உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் பட்டிருந்தால், லிம்போசைட்டுகள் உடலெங்கும் கலக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குப் பின் எடுப்பது நல்லது. ஆனால் நோயாளிக்கு வாந்தி வந்து, லிம்போசைட் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தால் காத்திருக்காதீர்கள். டோஸ் கூடினால் அந்தச் செல்களே ரத்தத்திலிருந்து மறையும், பிறகு வளர்க்க எதுவும் மிஞ்சாது. ரத்தம் ஏற்றும் தேவை வந்தால் அதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் லிம்போசைட்டுகளை 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்த்து, கோல்செமிட் என்ற மருந்தைச் சேர்த்துச் செல் பிரிவின் நடுவே நிறுத்தி, வழக்கமான ஒன்றுக்குப் பதில் இரண்டு சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு போன்ற பகுதி) கொண்ட டைசென்ட்ரிக் குரோமோசோம்களை எண்ணுகிறோம். கதிர்வீச்சு படாதவரிடம் ஆயிரம் செல்லுக்கு ஒன்று அளவில்தான் அது காணும். 500 முதல் 1000 செல்கள் எண்ணினால் 0.1 கிரே (டோஸின் அலகு) வரை இறங்கி மதிப்பிடலாம். அவசரத்தில் 50 செல்கள் எண்ணினாலே 1 கிரே அளவிலான டோஸ் வாங்கியவரைப் பிரித்துவிடலாம்.

ஊதா மூடிக் குழாய்க்கும் வேலை உண்டு. முதல் இரண்டு நாள் ஆறு மணிக்கொரு முறை லிம்போசைட் எண்ணிக்கை பாருங்கள். ஒரே ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கைச் சோதனை) நார்மல் என்று வந்ததும் 'ஒன்றுமில்லை, வேலைக்குப் போ' என்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. அரை கிரேக்குக் கீழே அந்த எண்ணிக்கை பெரும்பாலும் அசைவதே இல்லை. இன்னொன்று: சோர்ஸை விரலால் தொட்டவருக்கு ரத்தப் பரிசோதனையில் குறைந்த டோஸ் வரலாம், விரலோ பல கிரே வாங்கியிருக்கலாம். கை சிவக்கிறதா, கொப்பளிக்கிறதா என்று வாரக்கணக்கில் கவனியுங்கள்.

2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடையில் கோபால்ட்-60 வெளிப்பட்டது. பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற கருவியிலிருந்து வந்த சோர்ஸ் அது. ஒருவர் இறந்தார். அதை உடைத்தவர்கள் யாரும் பேட்ஜ் அணிந்தவர்கள் இல்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், இந்த வேலைக்கென்றே உரிமம் வாங்கிய இடத்தில் உதவியாளருக்கு பேட்ஜ் இல்லை, ஹெப்பரின் குழாய் இல்லை, அழைக்கும் எண் எழுதிய தாள் இல்லை. இதைப் பொறுத்துக்கொள்வது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. ஒப்பந்தக் கூலி என்பதால் ஒருவரின் ரத்தம் மலிவாகிவிடாது.

கோபத்தில் கோரிக்கையை விட்டு விலகிவிட்டோம், மன்னியுங்கள். பணிவாகத் திரும்பக் கேட்கிறோம்: ஒவ்வொரு பணியிடத்திலும் முதலுதவிப் பெட்டியில் காலாவதி ஆகாத ஹெப்பரின் குழாய்கள் நான்கு வையுங்கள். ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். சம்பவ நேரம், சோர்ஸின் கியூரி அளவு (கதிரியக்க வலிமை), நின்ற தூரம், இருந்த நிமிடங்கள், அண்மையில் எடுத்த சிடி ஸ்கேன் ஆகியவற்றை மாதிரியோடு குறித்தனுப்புங்கள். முடிவு வரும்வரை அவரைச் சம்பளத்தோடு அருகில் தங்கவையுங்கள், முடிவை அவருக்குப் புரியும் மொழியில் கையில் கொடுங்கள். ஊருக்குப் போனவரையும் தேடிப் பிடியுங்கள். டைசென்ட்ரிக் மெதுவாகத்தான் குறையும், சில மாதம் கழித்து எடுத்த ரத்தமும் பயன்படும்.

இப்படிக்கு,
குரோமோசோம் ஆய்வகப் பணியாளர்கள்