மடிக்கணினியோடு தெனியாவுக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஸ்பெயினில் தொலைவேலை விசா கிடைத்தவுடன் உங்களில் பலர் என்னிடம் கேட்பது, "கடலோரமா, சத்தமில்லாத ஊரா ஒண்ணு சொல்லுங்க" என்பதுதான். நான் இருக்கும் தெனியா அப்படிப்பட்ட ஊர்தான், மறுக்கவில்லை. வலென்சியாவுக்கும் அலிகாந்தேவுக்கும் நடுவில், மொங்கோ மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குக் கடைகளைச் சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்துக்கு மீன்பிடிப் படகுகள் திரும்பும், சிவப்பு இறால் ஏலத்துக்கு வரும். கோடையில் இந்தியாவோடு மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். சென்னையில் இருப்பவர்கள் வேலையை முடிக்கும்போது எனக்கு இன்னும் பாதிப் பகல் பாக்கி இருக்கும்.

இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் எழுத வந்தது வீட்டு ஒப்பந்தத்தைப் பற்றி.

தரகர் என் முன்னால் வைத்த தாளில் 11 மாதம் என்று இருந்தது. நமக்கு இது பழகிய எண். ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரப் பதிவு அலுவலகம் போக வேண்டும் என்று சென்னையில் 11 மாதத்துக்கு எழுதுவார்கள், அப்புறம் அதே வீட்டில் எட்டு வருடம் இருப்போம். இங்கேயும் அதே சங்கதி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அட்வான்ஸ் இரண்டு மாதம்தான் என்றதில் சந்தோஷம் வேறு. பத்து மாதம் கொடுத்துப் பழகிய கை அல்லவா!

அந்த இரண்டு மாதமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஸ்பெயின் வாடகைச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டாய அட்வான்ஸ் ஒரு மாதம்தான். வீட்டுக்காரர் தனிநபர் என்றால் ஐந்து வருடமும், நிறுவனம் என்றால் ஏழு வருடமும் நீங்கள் அங்கே இருக்கலாம். 2023இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு தரகர் கூலியும் வீட்டுக்காரர் தலையில்தான். இது எதுவும் வேண்டாம் என்கிற வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த சந்துதான் 'தெம்பொராதா', அதாவது பருவகால ஒப்பந்தம். சொந்த வீடு வேறெங்கோ இருக்க, படிப்புக்கோ வேலைக்கோ கொஞ்ச காலம் வந்து தங்குபவருக்காக உண்டான ஏற்பாடு அது. இதில் இரண்டு மாத அட்வான்ஸ் கேட்கலாம், தரகர் கூலியை நம்மிடமே வாங்கலாம், தேதி முடிந்ததும் வெளியே அனுப்பலாம். இதிலேயே செப்டம்பர் முதல் ஜூன் வரை என்று இன்னொரு வகை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அதே வீடு விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாரக் கணக்கில் போகும். பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொரு ஜூனிலும் பெட்டி கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

நான் குடியேறி ஆறு மாதம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிய வந்தது. எனக்கு முன்னால் அந்த வீட்டைக் கேட்டு வந்தவர் ஒரு செவிலியர். அவர் ஐந்து வருட ஒப்பந்தம் வேண்டும் என்றிருக்கிறார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் கீழே காப்பிக்கடை வைத்திருக்கும் அம்மா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பேச்சுவாக்கில் சும்மா சொல்லிவிட்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

பார்சிலோனாவில் 2024 ஜூலையில், சுற்றுலாவால் வாடகை ஏறுகிறது என்று ஊர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். தெனியாவில் என் மேல் யாரும் ஒரு சொட்டுகூடத் தெளித்ததில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் விசாவுக்கு ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும், 2025இல் மாதம் சுமார் 2,760 யூரோ. அதாவது, கடைசிப் படியில் நிற்கும் ஊர்க்காரரைவிட இரண்டு மடங்கு வாங்குபவராகத்தான் நாம் இந்த ஊருக்குள் காலே வைக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய வியாபாரிகளும் இங்கே வந்து தங்கினார்கள், அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அவர்கள் வந்தது ஊரில் விளைந்த உலர்திராட்சைக்காக. நமக்கு வேண்டியதோ ஊர்க்காரர் குடியிருக்கும் இடம்.

அதனால் வீடு பார்க்கும்போது 'விவியெந்தா அபித்துவால்' என்ற சொல்லை வாய்விட்டுக் கேளுங்கள். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடு என்று பொருள். தரகர் முகம் சுளித்தால் அடுத்த தெருவுக்குப் போங்கள். ஏற்கெனவே தெம்பொராதாவில் மாட்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம். தாளில் என்ன தலைப்பு இருக்கிறது என்பதைவிட, அங்கே உண்மையில் வாழ்கிறீர்களா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நகராட்சியின் குடிமக்கள் பதிவேட்டில் பெயர் சேர்க்க மறக்காதீர்கள். அரசு ஊருக்குத் தரும் பணம் அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் வருகிறது. "என் வீட்டு முகவரியில பதியாதீங்க" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்கும் சொல்லப்பட்டது. நீங்கள் அங்கேதான் வாழ்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சியாகிவிடும் என்ற பயம்தான். பதிவது உங்கள் உரிமை, அதற்கு அவர் அனுமதி தேவையில்லை.

பிரிட்டன்காரர்களுக்கு இங்கே நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட வழி இருக்கிறது, இந்தியர்களான நமக்கு இல்லை. நம்மிடம் இருப்பது இந்த ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்துதான்.

11 மாதம் முடிந்ததும் நான் வீடு மாறினேன். இப்போது இருப்பது மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது, கடல் தெரியாது, ஜனவரியில் தரை ஓடு பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஐந்து வருட ஒப்பந்தம். நான் காலி செய்த வீடு அந்தச் செவிலியருக்குக் கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. மடிக்கணினியோடு இன்னொருவர் வந்துவிட்டார், 11 மாதத்துக்கு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தெனியாவில் மூன்றாவது வருடமாக இருக்கும் ஒருவன்