பொத்தான் விலைக்கு ஏன் 15 நாள் கெடு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

திருப்பூர்,
நவம்பர் 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் விலைப்பட்டியலின் அடியில் "15 நாள் மட்டுமே செல்லும்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சீனாவிலிருந்து வரவழைக்கும் உலோகப் பொத்தான், டிச் பட்டன் (அழுத்தி மூடுவது), ஜிப் ரன்னர் (ஜிப்பில் ஓடும் இழுப்பான்) ஆகியவற்றுக்கு ஆர்டருடன் 30 சதவீதம் முன்பணமும் கேட்கிறோம். நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கு கொடுத்த கடை இப்படிக் கறாராகிவிட்டதே என்று சிலர் நேரிலேயே வருத்தப்பட்டீர்கள். வருத்தம் நியாயம்தான். எங்கள் பக்கக் கதையையும் கேட்டுவிடுங்கள்.

"டாலர் இரண்டு ரூபாய்தான் ஏறியிருக்கிறது, நீங்கள் ஏன் இவ்வளவு ஏற்றுகிறீர்கள்?" என்பது கல்லாவில் அடிக்கடி வரும் கேள்வி. பார்க்க வேண்டியது டாலரை மட்டும் அல்ல. 2005 ஜூலை வரை சீன அரசு டாலருக்கு 8.28 யுவான் என்று தன் நாணயத்தைக் கட்டிப்போட்டிருந்தது. அப்போது டாலருக்கு நம் ரூபாய் 43, 44. அந்தக் கணக்கில் ஒரு யுவான் ஐந்தேகால் ரூபாய். பிறகு அவர்கள் கட்டைத் தளர்த்த, யுவான் மெல்ல வலுத்தது; நம் ரூபாயோ இறங்கிக்கொண்டே வந்தது. இன்று ஒரு யுவான் 12 ரூபாயைத் தாண்டிவிட்டது. இருபது வருடமாகச் சீன ஆலைக்காரர் யுவான் விலையில் ஒரு காசுகூட ஏற்றவில்லை என்று வைத்துக்கொண்டாலும், நமக்கு விலை இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். பில் டாலரில் வருவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் கூலி, துத்தநாகம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் அவர் யுவானில்தான் பணம் கொடுக்கிறார். யுவான் அசைந்தால் டாலர் விலையைத் திருத்தி அனுப்பிவிடுவார். அவர் எங்களுக்குத் தராத உறுதியை நாங்கள் உங்களுக்கு எப்படித் தருவது?

"அங்கே கூலி குறைவு, அதனால்தான் மலிவு" என்று இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. சீன ஆலைத் தொழிலாளியின் சம்பளம் இன்று நம் ஊர்ச் சம்பளத்தைவிடக் கணிசமாக அதிகம். மலிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் செஜியாங் மாகாணத்தில், வென்சோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சியாவ்தோ என்ற சிற்றூரைப் பார்க்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் தெருவோர வியாபாரமாகத் தொடங்கிய பொத்தான் சந்தை அது. உலகத்தின் பத்துப் பொத்தான்களில் ஆறு இந்த ஊர்ச் சரக்கு என்று 2000களில் பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைக் கணக்குக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும், ஒரு சிற்றூருக்கு அது பெரிய எண்தான்.

நீங்கள் காலர் டி-ஷர்ட்டுக்கு வாங்கும் 18 லைன் (பொத்தான் அளவு), நாலு கண் பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் பிசினைச் சுழலும் உருளைக்குள் ஊற்றுகிறார்கள். அது தகடாகப் படிந்ததும், முழுதாக இறுகும் முன்பே வட்ட வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். பிறகு கடைசலில் முகம் வைத்து, கண் துளைத்து, பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றுகிறார்கள். பிசின், சாயம், அச்சு, முலாம், அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு பட்டறை இருக்கிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க்கிலேயே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அரசாங்கமும் சும்மா இல்லை. அங்கே மதிப்புக்கூட்டு வரி 13 சதவீதம். ஏற்றுமதி செய்தால், பில்லைக் காட்டி அதைத் திரும்பப் பெறலாம். ஆகவே ஆலைக்காரரிடம் விலை கேட்டால் பில்லோடு ஒன்று, பில் இல்லாமல் ஒன்று என்று இரண்டு விலை சொல்வார். (சிரிக்காதீர்கள், நம் ஊரிலும் கேட்ட குரல்தான்.) இணையத்தில் பார்த்துவிட்டு "இதே பொத்தான் பாதி விலைக்கு இருக்கிறதே" என்று கைப்பேசியை நீட்டுகிறீர்களே, அது பெரும்பாலும் பில் இல்லாத, ஆலை வாசல் விலை. அதற்கு மேல் நிங்போ துறைமுகச் செலவு, கப்பல் கூலி, காப்பீடு, சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறும். தூத்துக்குடிக்கு வரும் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறித்தான் வருகிறது. அங்கே பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு முனையத்தில் 85 சதவீதப் பங்கு சைனா மெர்ச்சன்ட்ஸ் என்ற சீன நிறுவனத்துக்கு, மீதி 15 இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு. பொத்தானில் சம்பாதித்தது போக, அது வரும் வழியிலும் அவர்கள் பணம் போட்டு வைத்திருக்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது; ஆனாலும் கெட்டிக்காரத்தனம்.

இனி முன்பணம். ஆர்டரின்போது 30, கப்பலேறும் முன் 70 என்பது அங்கே எழுதாத சட்டம். கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. வென்சோ பக்கம் சிறு பட்டறைகளுக்கு வங்கிகள் எளிதில் கடன் கொடுத்ததில்லை. உறவினர், அக்கம்பக்கத்தார், நம் ஏலச்சீட்டைப் போன்ற குழுக்கள் ஆகியவற்றின் பணத்தில்தான் தொழில் வளர்ந்தது. 2011இல் அந்த வட்டிக் கடன் வலை அறுந்தபோது முதலாளிகள் பலர் ஆலையைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினார்கள். அன்றைய சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை என்பது எங்கள் ஊகம்.

நம் பக்கத்திலும் நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, பையர்கள் (நம் துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள்) ஆர்டரைப் பாதியில் நிறுத்தச் சொல்வது சகஜமாகிவிட்டது. வெள்ளைப் பொத்தான் மிஞ்சினால் வேறு பார்ட்டிக்குப் போகும். பையரின் பெயர் பொறித்த உலோகப் பொத்தானை யார் வாங்குவார்கள்? அதற்காகத்தான் அந்த 30 சதவீதம். உள்நாட்டில் செய்த சாதாரணப் பொத்தான்களுக்கு முன்பணம் கிடையாது, பழைய கடன் வாய்தாவே தொடரும்.

அவசரமான ஒரு செய்தி. சீனப் புத்தாண்டு 2026 பிப்ரவரி 17 அன்று வருகிறது. சிச்சுவான், அன்ஹுய் போன்ற வெளி மாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஜனவரிக் கடைசியிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். முதலில் மூடி, கடைசியில் திறப்பது முலாம் பட்டறைகள்தான். ஆகவே கோடை ஷிப்மென்ட்டுக்கான உலோகச் சரக்குகளை டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் ஆர்டர்கள் மார்ச் கடைசிக்கு முன் கைக்கு வரும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம்.

ஆர்டர் கொடுக்கும்போது பையர் ஒப்புதல் தந்த மாதிரியையே உங்கள் மெர்ச்சண்டைசரிடம் கொடுத்தனுப்புங்கள். வாட்ஸ்அப் படத்தை வைத்து முலாம் நிறத்தை முடிவு செய்ய முடியாது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கானால், முலாமிலிருந்து நிக்கல் கசிவதற்கு அங்கே உள்ள கட்டுப்பாட்டை ஆர்டர் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். முலாம் பூசிய பிறகு சொன்னால் அதைக் கழற்றி மறுபடி பூச வேண்டும். அந்தச் செலவு உங்கள் கணக்கில் சேரும்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்