நவம்பர் படிவம்: சர்வதேசப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் இயற்பியல் ஆசிரியர். 11 ஆண்டுகளில் மூன்று நாடுகளில் ஐபி டிப்ளமா (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுக்கான சர்வதேசப் பாடத்திட்டம்) வகுப்புகள் எடுத்திருக்கிறேன். சம்பளம் போதவில்லை என்று அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு படிவத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எந்தப் படிவம் என்று உங்களுக்கே தெரியும். ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது. புதிதாக வந்த ஆசிரியருக்கு விசா முத்திரை, வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒருவழியாக முடியவே அக்டோபர் ஆகிவிடும். கொஞ்சம் மூச்சு விட்டு நிமிர்ந்தால், மறு ஆண்டு நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘ஒப்பந்தம் முடிகிறவர்கள் அடுத்த கல்வியாண்டிலும் தொடர்வீர்களா? ஆம், இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.’ சில பள்ளிகளில் இது அக்டோபரிலேயே வந்துவிடுகிறது.

உங்கள் பக்கத்து நியாயம் புரியாமல் இல்லை. ஆள் எடுக்கும் பருவம் முன்னால் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் ஜனவரி, பிப்ரவரி வேலைவாய்ப்புச் சந்தைகளில் நேரில் பார்த்துப் பேசி எடுத்தார்கள். இப்போது வீடியோ நேர்காணல் வந்தபிறகு, டிசம்பர் விடுமுறைக்கு முன்பே நல்ல ஆசிரியர்களைப் பக்கத்துப் பள்ளி கொத்திக்கொண்டு போய்விடுகிறது. எந்த இடம் காலியாகும் என்று தெரியாமல் நீங்கள் விளம்பரம் கொடுக்க முடியாது. சரி.

ஆனால் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியருக்கு வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. விசா பள்ளியின் பெயரில் இருக்கிறது. வீடும் பெரும்பாலும் பள்ளி கொடுத்ததுதான். மருத்துவக் காப்பீடு, பிள்ளைக்குக் கட்டணமில்லாமல் கிடைத்த இடம், மனைவியோ கணவரோ அந்த நாட்டில் தங்கும் உரிமை, எல்லாம் ஒரே கயிற்றில் கட்டிய மூட்டைகள். ‘இல்லை’ என்று டிக் செய்தவருக்கு அடுத்த வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வரவும் வழியில்லை, அதற்குள் அந்த இடத்துக்கு ஆள் எடுத்திருப்பீர்கள். ரகசியமாகத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றால் அதுவும் நடக்காது, ஆள் சேர்க்கும் முகமைகள் இப்போதைய தலைமை ஆசிரியரின் பரிந்துரையைத்தான் முதலில் கேட்கின்றன.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு நவம்பரில் ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில், மறு ஆண்டு முதல் குடும்பத்தினரின் காப்பீட்டுத் தவணையை ஆசிரியர்களே கட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் வீட்டில் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகிறவர் ஒருவர் உண்டு. ஐந்து மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என் பதில் வேறு. ஒப்பந்தத்தை முறித்துப் போகலாம்தான். அப்புறம் முகமைகளிடம் பெயர் கெட்டுவிடும், இந்தத் தொழிலில் அது சின்ன விஷயமில்லை. இருந்தேன். அந்த ஆண்டு நான் நன்றாகப் பாடம் நடத்தினேன் என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

ஆசிரியரின் கஷ்டம் கிடக்கட்டும், மாணவரைப் பாருங்கள். முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. டிப்ளமாவும் இரண்டு ஆண்டு. காகிதத்தில் கச்சிதம். ஆனால் ஆண்டுதோறும் ஒரு புது மாணவர் அணி சேர்கிறதே! என் இரண்டாம் ஆண்டில் முதல் அணி மே மாதத் தேர்வு எழுதிவிட்டுப் போகும், கூடவே ஆகஸ்டில் சேர்ந்த அடுத்த அணி பாதி வழியில் நிற்கும். நான் ‘இல்லை’ என்று டிக் செய்யும் நவம்பரில் அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும்.

பாதி வழியில் நிற்பது என்றால் என்ன என்று வகுப்பறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இயற்பியலில் 20 சதவீத மதிப்பெண் மாணவர் தானே வடிவமைத்துச் செய்யும் ஆய்வுக்கு. அதை முதலில் திருத்துவது பாடம் நடத்தும் ஆசிரியர். 4000 சொற்களுக்குள் எழுத வேண்டிய நீள்கட்டுரைக்கு வழிகாட்டி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே அமைந்துவிடுகிறார். தலைப்பைச் சுருக்கு, கேள்வியை மாற்று என்று உட்கார்ந்து பேசிய அவர் ஜூனில் விமானம் ஏறிவிடுகிறார். எல்லாவற்றையும்விட மோசம் உத்தேச மதிப்பெண், அதாவது இறுதித் தேர்வில் மாணவர் ஏழுக்கு எவ்வளவு வாங்குவார் என்று ஆசிரியர் முன்கூட்டியே கணித்துப் போடுவது. பல பல்கலைக்கழகங்கள் அதை வைத்துத்தான் இடம் தருகின்றன. இரண்டாம் ஆண்டு தொடங்கிய இரண்டு மாதத்திலேயே அதைக் கேட்பார்கள். ஆகஸ்டில் வந்திறங்கிய ஆசிரியர், பெயரும் முகமும் இன்னும் மனதில் பதியாத ஒரு பிள்ளைக்கு 5 போடுவதா 6 போடுவதா என்று பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். நானும் புரட்டியிருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு 5 போட்டேன், இறுதித் தேர்வில் 7 வாங்கினாள்.

ஆசிரியர்கள் போகத்தான் செய்வார்கள். ஊர் ஊராகப் போவதற்காகவே இந்த வேலைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் முன் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்கிறேன். அடுத்த ஆண்டுச் சம்பள அட்டவணை, காப்பீடு, வீட்டு வசதி, எந்த வகுப்புகள் என் பெயரில் இருக்கும், இவ்வளவையும் எழுத்தில் கொடுத்துவிட்டு அப்புறம் படிவத்தை நீட்டுங்கள். பட்ஜெட் தயாராகவில்லை என்றால் படிவமும் காத்திருக்கட்டும். முன்கூட்டியே ‘போகிறேன்’ என்று சொல்பவர்களுக்கு ஊக்கத்தொகை தரும் பள்ளிகள் உள்ளன. நல்ல வழக்கம்தான், ஆனால் முடிவெடுத்துவிட்டவருக்கு மட்டுமே அது உதவும். முடிவெடுக்காதவருக்காக மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: ‘தேடிக்கொண்டிருக்கிறேன், ஜனவரி கடைசியில் சொல்கிறேன்.’ அதில் டிக் செய்தவரைப் பாதி போய்விட்டவராக எண்ணித் துறைத் தலைவர் பதவிக்குக் கணக்கிலெடுக்காமல் விடுவதையும் நிறுத்துங்கள்.

இன்னொன்று. டிப்ளமா முதல் ஆண்டு வகுப்பை ஒருவரிடம் கொடுக்கும்போது அவருடைய ஒப்பந்தம் அந்த அணியின் தேர்வு வரை நீளுமா என்று கால அட்டவணை போடுபவர் ஒரு தடவை பார்த்தால் போதும். நீளாவிட்டால் அவருக்கு மூன்றாம் ஆண்டை அப்போதே பேசுங்கள், அல்லது அந்த வகுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள். இதற்குப் பணம் செலவில்லை.

இந்த ஆண்டுப் படிவம் எனக்கு இன்னும் வரவில்லை. சம்பள அட்டவணையோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே பதில் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்