கோதுமைக் கப்பலில் இருக்கும் மகளுக்கு

செம்பூர், மும்பை

அன்புள்ள மீனாவுக்கு,

வான்கூவரில் மழை விடவில்லை, லோடிங் இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கோதுமை என்றால் அப்படித்தான், மழையில் ஹாட்ச், அதாவது சரக்கறை மூடி, திறக்க முடியாது. அது இருக்கட்டும். பெரியப்பா மகன் கொலாபாவிலிருந்து கடற்படையின் வெள்ளை யூனிஃபார்மில் படம் போட்டானாம், “நான் மட்டும் மாவு மில்லுக்கு லாரி ஓட்டுறேன்ப்பா” என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எம்பயர் மக்கால்பைன் என்றொரு கப்பல். ஸ்காட்லாந்தில் கட்டியது, உன்னுடையதைப் போலத் தானியக் கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது நடு அட்லாண்டிக்கில், கரையிலிருந்து விமானம் எட்டாத பகுதியில், ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. காவலுக்கு விமானந்தாங்கிகள் போதவில்லை. சரக்குக் கப்பலின் தலையிலேயே ஓடுதளத்தைப் போட்டுவிட்டார்கள். 1943-ல் அது கடலுக்கு வந்தபோது மேலே ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள், கீழே கோதுமை.

ஏன் கோதுமை? ஓடுதளம் வந்ததும் சரக்கு தூக்கும் டெரிக்குக்கு இடமில்லை, பெரிய ஹாட்ச் திறக்க வழியில்லை. பெட்டியும் மூட்டையும் எப்படி ஏற்றுவது? தானியத்தை மட்டும் சின்னத் துவாரம் வழியே கொட்டலாம், அக்கரையில் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கலாம். எண்ணெய் டேங்கர்களையும் இதே காரணத்துக்காகத்தான் சேர்த்தார்கள். தானியக் கப்பல் 6, டேங்கர் 13. பாவம், டேங்கரில் விமானத்தை உள்ளே இறக்கி வைக்க இடம் கிடையாது. உப்புக் காற்றில் வெட்டவெளியில் நிற்கும். தானியக் கப்பலில் லிஃப்ட் உண்டு, கீழே கொட்டகையும் உண்டு.

எனக்குப் பிடித்தது வேறு. கேப்டன் நம்மைப் போல வணிகக் கப்பல்காரர். பறந்ததும் வணிகக் கப்பலின் சிவப்புக் கொடிதான். கடற்படை விமானிகள்தான் வந்து கப்பலின் ஆர்ட்டிகிள்ஸில், அதாவது பணியாளர் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டார்கள். சில விமானங்களில் ‘ராயல் நேவி’யை அழித்துவிட்டு ‘மெர்ச்சன்ட் நேவி’ என்று எழுதியும் வைத்தார்கள். உன் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதே, பொங்கலுக்கு வீட்டில் சண்டை வரும்.

வேகம் 12 நாட் சில்லறை, அதாவது மணிக்கு 12 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல். விமானம் ஏறவும் இறங்கவும் கப்பலைக் காற்றுக்கு எதிரே திருப்ப வேண்டும், பிறகு கான்வாயில், அதாவது சேர்ந்து போகும் கப்பல் கூட்டத்தில், தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் வாட்ச் முறைக்கு நிற்கிற உனக்கு அது என்ன பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே போரில், 1944 ஏப்ரல் 14 அன்று, நம் மும்பை விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. வெடிமருந்தையும் பஞ்சுப் பொதியையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்ததன் விளைவு. அதுவும் சரக்குக் கப்பல்தான். சரக்கைப் பார்த்து அடுக்கும் ஸ்டோவேஜை ‘லாரி வேலை’ என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது இதனால்தான்.

போர் முடிந்ததும் மக்கால்பைனின் ஓடுதளத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி சரக்கு ஏற்ற அனுப்பினார்கள்.

லோடிங் தொடங்கியதும் தானியம் ஏற்றிய கப்பல் சாயாமல் நிற்குமா என்ற ஸ்டெபிலிட்டி கணக்கை சீஃப் ஆபீசரிடம் கேட்டு நீயும் தனியாகப் போட்டுப் பார். அடுத்த துறைமுகம் எது என்று எழுது. பருப்புப் பொடி அனுப்ப ஆள் கிடைக்குமா என்று அம்மா நச்சரிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா