மீனும் பாலும்: ஏற்காட்டுத் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மே மாதம் விருந்தாளிகள் மலைக்கு வரும்போது இறாலும் மீனும் போட்டு, வெள்ளை சாஸ் ஊற்றி, ஓவனில் வைத்து எடுக்கும் கேசரோலைச் செய்யப்போகிறேன், அளவு அனுப்பு அக்கா என்று கேட்டிருந்தாய். அளவு கீழே வரும். ஆனால் இந்தச் சமையலில் அளவு பாதி விஷயம்கூடக் கிடையாது. இதைக் கெடுப்பது தண்ணீர். அதை மட்டும் அடக்கிவிட்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

மீன், இறால் இரண்டும் சூடு பட்டதும் தண்ணீர் விடும். குழம்பில் அது நல்லதுதான், இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டால் சுண்டிவிடும், ருசியும் கூடும். ஓவனில் இருபது இருபத்தைந்து நிமிடம் இருக்கும் சாஸுக்கு அப்படிச் சுண்ட நேரம் ஏது? மேலே பார்த்தால் பொன்னிறமாக, படம் எடுக்கிற மாதிரி இருக்கும். கரண்டியை விட்டால் அடியில் நீர்மோராக ஓடும்.

முதலில் மீனைப் பற்றி. கனடாவில் நோவா ஸ்கோஷியா பக்கம் இதை ஹாடக் மீன், ஸ்காலப் என்கிற சிப்பி, லாப்ஸ்டர் எல்லாம் போட்டுச் செய்வார்கள். ஹாடக் என்பது எண்ணெய் குறைந்த, வெள்ளைச் சதை மீன், வெந்தால் இதழ் இதழாகப் பிரியும். நமக்கு அந்த இடத்துக்குக் கொடுவா சரியாக வரும். வஞ்சிரமும் போடலாம், ஆனால் அதன் சதை இறுக்கம், ஓவனில் கொஞ்சம் கூடிப்போனால் வறண்டுவிடும். அந்த விலைக்கு வாங்கி சாஸில் முக்குவதைவிட வறுத்துத் தின்பதே நியாயம் என்பேன். மத்தி, அயிலை வேண்டவே வேண்டாம். எண்ணெய் மீனின் வாசம் பாலோடு ஒட்டாது. மேட்டூர் மீன் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று நினைப்பாய். கட்லாவும் ரோகுவும் குழம்புக்கு அருமை. ஆனால் சதைக்குள்ளே கவட்டை மாதிரி நுண்முள் இருக்கிற ஜாதி, வெள்ளை சாஸுக்குள் மறைந்திருக்கும் முள்ளை விருந்தாளி எப்படிப் பார்த்து எடுப்பார்?

இன்னொன்று. நீ செய்யப்போவது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். வரத்து குறையும், விலை ஏறும், நல்லது முதலில் கடலோர ஊர்க்காரர்களுக்கே போய்விடும். இங்கே சேலத்தில் சூரமங்கலம் மார்க்கெட்டில் அந்தச் சமயத்தில் கேட்ட மீன் கிடைக்கும் என்று நம்பி விருந்துக்கு ஆள் கூப்பிடாதே. செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால், சதையை அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வந்தால் வாங்கலாம். இல்லையென்றால் ஃப்ரோசன் இறாலும் ஃப்ரோசன் மீன் துண்டும் வாங்கிக்கொள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. கடலிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கும் நமக்கு, ஐஸில் இரண்டு மூன்று நாள் கிடந்த மீனைவிடப் பிடித்ததும் உறைய வைத்தது பல நேரம் மேல்.

ஃப்ரோசன் என்றால் முந்தின இரவே எடுத்து, ஒரு வடிகட்டியில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. சுடுதண்ணீரில் போட்டு அவசரப்படுத்தாதே. இறாலின் மேல் ஐஸ் பூச்சு இருக்கும், காலையில் பார்த்தால் கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று உனக்கே தெரியும். அது எல்லாம் உன் சாஸுக்குள் போயிருக்க வேண்டியது. பாக்கெட் எடையை நம்பாமல், வடிந்த பிறகு எடை போட்டுக்கொள்.

நாலு பேருக்கு முள் இல்லாத மீன் 400 கிராம், உரித்த இறால் 250 கிராம் போதும். இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்துவிடு. மீனைப் பெரிய துண்டாக வெட்டு, இரண்டு விரல் அகலம் இருக்கட்டும். மஞ்சள் தூள் தடவுகிற பழக்கத்தை இன்று ஒருநாள் விட்டுவிடு, சாஸ் முழுக்க மஞ்சளாகிவிடும். புளித்தண்ணீரிலும் அலசாதே. உப்பு மட்டும் தூவி கால் மணி நேரம் வைத்தால் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் வரும். பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடு. அப்புறம் அகலமான தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் வெண்ணெய் போட்டு, இறாலை மட்டும் ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம் புரட்டி எடுத்துவிடு. குவித்துப் போடாதே, குவித்தால் வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவியும். உள்ளே பச்சையாகத்தான் இருக்க வேண்டும், மீதி ஓவனில் வேகும். இறால் வட்டமாகச் சுருண்டுவிட்டால் அதற்கு மேல் அது ரப்பர்தான்.

தலையோடு பச்சை இறால் கிடைத்தால் தலையையும் ஓட்டையும் தூக்கிப் போட்டுவிடாதே. வெண்ணெயில் சிவக்க வதக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயமும் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டு. முக்கால் டம்ளராகச் சுண்ட வேண்டும். இந்தச் சாறுதான் சாஸுக்கு உயிர். பால் மட்டும் ஊற்றிச் செய்த சாஸ் ஏதோ பத்தியச் சாப்பாடு போலச் சப்பென்று இருக்கும்.

சாஸுக்கு வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம். வெண்ணெயை உருக்கி, மைதாவைக் கொட்டி, சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை கிளறு. நிறம் மாறக் கூடாது. பால் 400 மில்லி, இறால் சாறு 150 மில்லி. முதலில் ஒரு கரண்டி பால் ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீதியைச் சேர். கட்டி தட்டினால் பயப்படாதே, வடிகட்டினால் போச்சு. கொதி வந்து இரண்டு நிமிடம் ஆனதும் பார்த்தால், அட, ரொம்பக் கெட்டியாக இருக்கிறதே என்று கை பாலை எடுக்கப் போகும். எடுக்காதே! இட்லி மாவைவிடக் கெட்டியாகவே இருக்கட்டும். மீன் விடப்போகும் தண்ணீருக்கு இப்போதே இடம் வைக்கிறோம். அடுப்பை அணைத்த பிறகு ஃப்ரெஷ் கிரீம் நாலு கரண்டி, துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உங்கள் எஸ்டேட் மிளகு இடித்தது தாராளமாக. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாக்கெட் மிளகுத்தூள் போட்டால் உன்னோடு பேசமாட்டேன். உப்பைக் கடைசியில் பார், வெண்ணெயிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. எலுமிச்சையை உள்ளே பிழியாதே, பால் திரியும். சாப்பிடும்போது தட்டில் பிழிந்துகொள்ளட்டும்.

அடியில் உருளைக்கிழங்கு வில்லை பரப்புவதாக இருந்தால் குக்கரில் வேக வை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக இங்கே சேலத்தில் ஆவதைவிட நேரம் பிடிக்கும். ஓவனுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

உன் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். மீனோடு பால் சேர்ந்தால் உடம்பில் வெண்புள்ளி வரும் என்று சொல்வார். நம் அம்மாவும் மீன் குழம்பு வைத்த அன்று தயிர்ச் சட்டியை மேல் பரணில்தானே வைப்பார். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கி அழிப்பதால் வருவது அது, மீனும் பாலும் ஒன்றாகச் சாப்பிட்டதால் வருவதில்லை. ஆனாலும் விருந்து நாளில் இதைச் சொல்லி வாதாடாதே கண்ணு. அவருக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், பாலுக்குப் பதில் முதல் பால் எடுத்த கெட்டித் தேங்காய்ப்பால், சீஸும் கிரீமும் இல்லாமல் தனியாகச் செய்துவிடு. ருசியில் ஒரு குறையும் இருக்காது, எனக்கு அதுதான் ஒருபடி மேலாகக்கூடத் தோன்றுகிறது.

மேலே தூவ கனடாவில் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவார்கள். நாம் எதற்கு பிஸ்கட் தேட வேண்டும்? நம் சேலத்தில் காய், சட்னி நடுவில் வைத்து விற்கிற தட்டுவடை செட்டுக்கு எடுக்கும் வெறும் தட்டுவடை ஏழெட்டு வாங்கி, பொடியாக்காமல் ஒன்றிரண்டாக நொறுக்கு. கடலைப்பருப்பு அங்கங்கே பல்லில் படும், காரமும் லேசாக ஏறும், பால் சாஸுக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே எண்ணெயில் பொரிந்தது, முதலிலேயே போட்டால் கருகும்.

ஓடிஜி ஓவனை 200 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கு. கண்ணாடிப் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, கிழங்கு, மீன், இறால், மேலே சாஸ். பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே ஓவனுக்குள் தள்ளாதே, விரிசல் விடும். 190 டிகிரியில், மேல் கம்பி கீழ் கம்பி இரண்டும் போட்டு பதினைந்து நிமிடம். ஓரத்தில் குமிழ் விட ஆரம்பித்ததும் தட்டுவடையைத் தூவி இன்னும் ஐந்தாறு நிமிடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாமல் வை, அப்போதுதான் சாஸ் இறுகும். பசியோடு சுற்றி நிற்கிறவர்களை அதுவரை வெளியே காபி கொடுத்து உட்கார வை.

மிச்சமிருந்தால் மறுநாளே தீர்த்துவிடு. மைக்ரோவேவில் வைத்தால் இறால் கெட்டிப்பட்டுவிடும், மூடி போட்ட வாணலியில் ஒரு கரண்டி பால் தெளித்துச் சிறு தீயில் சூடு பண்ணு.

மீன் இங்கிருந்தே வாங்கி அனுப்ப வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையே போன் பண்ணு, ஐஸ் பெட்டியில் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவிலும் கவிழாத மாதிரி கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்காதே, அன்றைக்கு மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்க யாரும் நேரம் கொடுக்கமாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா