ஊக்கு டப்பாவும் புது ஓட்டலும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவுதான் திரும்பி வந்தேன். கால் வலி இன்னும் விடவில்லை. பெட்டியைப் பிரிக்கும் முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் போனில், "அந்த ஓட்டலே போச்சு, இனிமே அங்க எனக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நம் அறிவியல் புனைகதை ரசிகர்கள் மாநாடு இத்தனை வருடம் நடந்த அந்தப் பழைய ஓட்டலை விட்டு, இந்த முறை புது ஓட்டலில் நடந்தது. அங்கே மூன்று நாள் இருந்துவிட்டு வந்ததில் இப்போது கொஞ்சம் தெரிகிறது.

இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நடு முற்றம் இல்லை. பழைய ஓட்டலில் எந்த மாடியில் நின்று எட்டிப் பார்த்தாலும் கீழே யார் வருகிறார்கள் என்று தெரியுமே, அது இங்கே கிடையாது. பதினோரு வயதில் அட்டைப்பெட்டி ரோபோவாக, உட்காரவும் முடியாமல் நீ சாய்ந்து நின்ற தூணும் இல்லை. இது உயரமான ஒற்றைக் கட்டடம். ஹால்கள் மூன்று தளங்களில் பிரிந்து கிடக்கின்றன. லிஃப்ட் நான்குதான். வேடப் போட்டி முடிந்து இறக்கை கட்டியவர்களும் வால் வைத்தவர்களும் ஒரே நேரத்தில் அறைக்குக் கிளம்பியதும் இருபது நிமிடம் வரிசையில் நின்றோம். இறக்கைக்காரர் ஒருவர் ஏறினாலே லிஃப்ட் நிறைந்துவிடுகிறது.

ஹால்களுக்கு நடுவே இருப்பது மடக்குச் சுவர். தலைமுறை தலைமுறையாக விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கும் தலைமுறைக் கப்பலில் பிறந்து, போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமலே சாகிற குழந்தைகளைப் பற்றிய விவாதத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஹாலில் ஃபில்க் பாடிக்கொண்டிருந்தார்கள். நாட்டுப்பாட்டு என்று பொருள்படும் ஃபோக் என்று தட்டச்சு செய்ய வேண்டியது 1950-களில் ஃபில்க் என்று பிழையாகிப் பெயராகவே நின்றுவிட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, அறிவியல் புனைகதை ரசிகர்களின் அதே பாட்டுக் கூட்டம்தான். சுவரைத் தாண்டி அத்தனையும் கேட்டது. மேடையில் பேசிக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டு, பாட்டு முடிகிறவரை காத்திருந்தார். ஹாலே சேர்ந்து காத்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். சக்கர நாற்காலியில் வருவாரே, செவ்வாய்க் கிரகக் கதைகள் என்றால் நேரம் போவது தெரியாமல் பேசுவாரே, அந்த மாமா உனக்கு நினைவிருக்கும். பழைய ஓட்டலின் பெரிய ஹாலில் மேடைக்கு ஏற மூன்று படிகள். அத்தனை வருடமும் மற்றவர்கள் மேலே உட்கார, அவர் மட்டும் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். நானும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. நாம் இருவரும் ஆசையாகப் பேசுகிற அந்த ஹால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை. புது ஓட்டலில் மேடைக்குச் சரிவுப் பாதை இருக்கிறது. சனிக்கிழமை காலை அவர் தானாகவே சக்கரத்தைத் தள்ளி ஏறிப் போய், மேசைக்குப் பின்னால் மற்றவர்களோடு வரிசையாக உட்கார்ந்தார். வழக்கம்போல நேரம் தாண்டியும் பேசினார். அம்மாடி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை, தன்னார்வலர்களோடு சேர்ந்து தரையில் நீல டேப் ஒட்டப் போனேன். சக்கர நாற்காலிகள் போகவும் நிற்கவும் இடம் விட்டுக் கோடு போடுகிற வேலை. குனிந்து குனிந்து ஒட்டியதில்தான் இந்தக் கால் வலி.

முற்றம் இல்லாமல் எங்கே கூடுவார்கள் என்று கவலைப்பட்டேன். முதல் நாள் மாலை ஆளுக்கொரு மூலையில்தான் நின்றார்கள். மறுநாள் காலை பார்த்தால், இரண்டாம் தளத்தில் தாழ்வாரம் திரும்புகிற இடத்தில், பெரிய ஜன்னலோரம், எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

உன் தகர டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன். பதினைந்து வயதில் நீ ஊக்கு, ஊசி நூல், பசைத் துப்பாக்கி எல்லாம் போட்டு, கிழிந்த வேடங்களைத் தைத்துக் கொடுக்க ஒரு மேசை போட்டாயே, அந்த டப்பாதான். அந்த ஜன்னலோரத்திலேயே வைத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பையன் பிய்ந்த தோள்கவசத்தோடு வந்து நின்றான். பிறகு வரிசை ஓயவே இல்லை. உன்னை யாரென்றே தெரியாத ஒரு பெண் இரண்டு நாளும் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். அவளிடம் மொரோஜோவைப் பற்றிச் சொன்னேன். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர். அதில் எதிர்கால மனிதர்களாக உடுத்தி வந்த ரசிகர்கள் ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மொரோஜோ என்கிற மிர்ட்டில் டக்ளஸும். இரண்டு உடையையும் தைத்தவர் அந்த மொரோஜோதான். அவளுக்கு இது புதுச் செய்தி. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

அந்த உலக மாநாட்டையே எடுத்துக்கொள். அதற்கென்று சொந்தக் கட்டடம் ஒருநாளும் இருந்ததில்லை. அடுத்து எந்த ஊர் என்று உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். போரினால் 1942 முதல் 1945 வரை நடக்கவே இல்லை, 1946-ல் மறுபடி கூடினார்கள். 2021-ல் வாஷிங்டனில், பேசி வைத்திருந்த ஓட்டல் மூடிப்போனது. வேறு ஓட்டல் பார்த்து, ஆகஸ்டில் நடக்க வேண்டியதை டிசம்பரில் நடத்தினார்கள். நாம் இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் கூடியது நமக்குக் கிடைத்த கொடுப்பினை. அதையே மாநாடு என்று நினைத்துவிட்டோம். நானும்தான்.

உனக்கு வேலை, குழந்தை, தூரம், எல்லாம் தெரியும். வற்புறுத்தவில்லை. ஆனால் ஓட்டல் போய்விட்டது என்பதற்காக மட்டும் வராமல் இருந்துவிடாதே. வருவதென்றால் மாநாட்டுக்கு ஒதுக்கிய அறைகளிலேயே பதிவு செய். வெளியே மலிவாகக் கிடைத்தாலும் போகாதே. ஒதுக்கிய அறைகள் நிரம்பினால்தான் ஓட்டல் ஹால்களைச் சலுகையில் தரும், நிரம்பாவிட்டால் அந்தச் சுமை மாநாட்டுக் குழுவின் தலையில் விழும். குழந்தையையும் கூட்டி வா. லிஃப்டுக்குப் பக்கத்து அறை மட்டும் வேண்டாம், இரவெல்லாம் சத்தம்.

டப்பாவில் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. பெரிய ஊக்கு நான்குதான் மிச்சம். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று எழுது. பசைக் குச்சியில் எது நன்றாக ஒட்டும் என்று எனக்குத் தெரியாது, அதை நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா